தாண்டினவர் கையெழுத்து

தொலைக்காட்சி நிலையத்தாரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. செய்வது இன்னதென்று தங்களுக்கே தெரியாவிட்டாலும் அதற்கு ஒரு படிவம் அச்சடித்துவிடுவார்கள். 'விழாதவன்' என்ற வீர விளையாட்டுப் போட்டிக்கு அப்படிப் பத்தொன்பது படிவங்கள் இருந்தன. தண்ணீரில் விழுந்தவருக்குத் துண்டு கொடுத்ததற்கு ஒன்று, அந்தத் துண்டைத் திரும்ப வாங்கியதற்கு ஒன்று, விழாமல் போனால் ஏன் விழவில்லை என்று எழுதிக் கொடுக்க ஒன்று. மற்ற படிவங்களால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்துவிடவில்லை. ஏழாம் படிவத்தில்தான் மேஸ்திரி மாட்டிக்கொண்டார்.

மேஸ்திரி சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்போது அதைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்பு போட்டு முடுக்கி, ஆட்கள் நின்று வேலை செய்யப் பலகை விரித்துக் கொடுப்பதும், கட்டடம் முடிந்ததும் வந்த சுவடு தெரியாமல் பிரித்து எடுத்துப் போவதும் அவர் தொழில். நாற்பத்தொன்பது வயது, ஒடிசலான உடம்பு. முப்பது வருடமாக உயரத்தில் இருக்கிறார், ஒருவரும் அவரை அண்ணாந்து பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஏறுமுன் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். "கண்ண மூடு. கைய நீட்டு" என்பார். நீட்டிய விரல்களின் மேல் ஒரு நட்டையோ வாஷரையோ வைப்பார். சில நாள் ஒன்றும் வைக்கமாட்டார். என்ன இருக்கிறது என்று கண்ணைத் திறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவன், அவருடைய சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து கிளாம்பு எண்ண வேண்டியதுதான். குடி, காய்ச்சல், வீட்டுச் சண்டை எல்லாமே விரலில் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. முப்பது வருடத்தில் அவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை. விழுவதைப் பார்க்க ஊரைக் கூட்டுகிற இடத்தில் போய் அவர் சாரம் கட்ட நேர்ந்ததை விதி என்பதா, ஒப்பந்தம் என்பதா?

போட்டிக்காக ஒரு பழைய கிடங்கை எடுத்திருந்தார்கள். நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதன் மேலே ஊஞ்சல் கட்டைகள், வழுக்குச் சுவர், கடைசியாக ஒரு தொங்கு குழாய். இந்தக் கோடியில் ஏறி, அந்தக் கோடி மேடையில் இருக்கும் மணியை அடித்துவிட்டால் வெற்றி. எல்லாவற்றையும் மேஸ்திரியும் அவருடைய ஆறு ஆட்களும் பூட்டினார்கள். முதல் நாள் படப்பிடிப்புக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவருக்குத் தன் ஸ்பேனர் ஞாபகம் வந்தது. அதை அந்தக் கோடி மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சுற்றிப் போகிற வழியெல்லாம் கேமராக்காரர்கள் வயரைப் பரப்பி வைத்திருந்தார்கள். மேஸ்திரி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தடைகள் வழியாகவே போனார். கட்டினவருக்குத் தெரியாதா, எந்தக் குழாய் எங்கே வளையும், எந்தக் கிளாம்பின் தலை விரலுக்கு இடம் கொடுக்கும் என்று? நிதானமாகத் தொங்கி, நிதானமாகக் கை மாற்றி, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிறவரைப் போலப் போய், ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கக் கம்பத்தைப் பிடித்து இறங்கினார்.

கீழே காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி ஏழாம் படிவத்தை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். 'இந்தத் தடைகளை இன்று ஒரு மனிதர் முழுவதுமாகத் தாண்டினார்' என்று அதில் அச்சிட்டிருந்தது. அடியில் 'தாண்டினவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம். படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டம் நிரம்பினால்தான் காப்பீடு செல்லும். அதற்கென்றே அமர்த்தியிருந்த தேகப்பயிற்சி வீரர், கிடங்கின் வாசற்படியில் கால் தடுக்கி, சுளுக்கோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

"இப்ப மேல போனது யாரு?" என்றார் அதிகாரி.

"சாரம் கட்டற மேஸ்திரிங்க" என்றார் ஒரு கேமராக்காரர்.

"மனுஷர்தானே?"

"ஆமாங்க."

"அப்போ கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

மேஸ்திரி போட்டார். உடனே எட்டாம் படிவத்தை நீட்டினார்கள். 'தாண்டியதை வெளியாரிடமோ வீட்டாரிடமோ சொல்லமாட்டேன்' என்று இருந்தது. அதிலும் போட்டார். அன்று முதல் காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி தாண்டுவதும், பத்து மணிக்குப் போட்டியாளர்கள் வந்து விழுவதும் வழக்கமாயிற்று.

முதல் இரண்டு வாரம் சிலர் தாண்டினார்கள், சிலர் விழுந்தார்கள், வீட்டிலிருந்தவர்கள் வேறு சேனல் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு பேக்கரிக்காரர், மணிக்கு ஒரு முழம் இருக்கும்போது கை நழுவி, "ஐயையோ, அடுப்பு!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் விழுந்தார். கடையில் அடுப்பை அணைக்காமல் வந்தது அந்தரத்தில்தான் ஞாபகம் வந்ததாம். அதை ஊரே பார்த்தது. பார்த்தது போதாமல் திரும்பத் திரும்பப் பார்த்தது. குழந்தைகள் கட்டிலிலிருந்து "அடுப்பு!" என்று கத்திக்கொண்டு குதித்தன.

நிகழ்ச்சித் தலைவர் எல்லோரையும் கூட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, எப்போதும் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நிற்பவர்.

"இத்தனை நாள் நாம ஒரு பெரிய தப்பு பண்ணிட்டோம். ஜெயிக்க விட்டுட்டோம்" என்றார். "ஜெயிச்சவன் மணிய அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடறான். அவனால யாருக்கு என்ன பிரயோஜனம்? விழுந்தவன் அப்படியா? ஜனங்க மனசுல நிக்கறான். மக்களோட தன்னம்பிக்கைய வளக்கறதுதான் நம்ம லட்சியம். அதனால இனிமே ஒருத்தரும் தாண்டக் கூடாது."

காப்பீட்டு அதிகாரி இருமினார். "ஒருத்தராவது தாண்டணுங்களே. ஏழாம் படிவம் இருக்கு."

"அதான் மேஸ்திரி இருக்காரே. முடியாதுங்கறது ஜனங்களுக்கு. முடியும்ங்கறது ஃபைலுக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். மேஸ்திரியும் தட்டினார். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டும்போது கை தானாகவே தட்டிவிடுகிறது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு அரை அடியாகச் சுவர் வளர்ந்தது. குழாய் தடித்தது. ஊஞ்சல் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. எல்லாவற்றையும் கூட்டிக் கட்டுவதும் மேஸ்திரிதான், மறுநாள் காலை அதைத் தாண்டுவதும் அவர்தான். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்பார்களே, அதற்கு இங்கே வாராவாரம் வேலை உத்தரவு வந்தது.

பிறகு தலைக்கு எண்ணெய் விற்கும் கம்பெனி ஒன்று விளம்பரதாரராக வந்தது. தங்கள் எண்ணெய் திரையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்றார்கள். போட்டியாளர் தலையில் தடவினார்கள், தெரியவில்லை. கடைசித் தொங்கு குழாயில் தடவினார்கள், நன்றாகத் தெரிந்தது.

"வழுக்குமேங்க" என்றார் மேஸ்திரி.

"அதுலதான் எண்ணெயோட தரமே தெரியுது" என்றார் தலைவர்.

பார்வையாளர்களாக வந்து உட்காருகிறவர்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். ஒருவர் மேடையேறி ஐயோ சொல்லிக் கொடுப்பார். சின்ன ஐயோ, நடு ஐயோ, பெரிய ஐயோ. "பெரிய ஐயோவுக்குக் கை வாய்க்குப் போகணும். கன்னத்துக்குப் போறது நடு ஐயோ. போன வாரம் ரொம்ப பேரு குழப்பிட்டீங்க" என்பார். மூன்றையும் காலையிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். விழப்போகிறவர் வீட்டிலிருந்து கிளம்புமுன்பே அவருக்கான துக்கம் தயாராக இருந்தது.

வீட்டில் மேஸ்திரியின் மனைவி முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன், அதாவது மேஸ்திரியின் மச்சான், ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குபவர். நாளெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால் உயரத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு அவருக்கு. 'விழாதவன்' போடும் நேரத்துக்குத் தவறாமல் வந்து, மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"மாப்பிள்ளை, நீங்க அங்க வேல பாக்கறீங்க, சரிதான். ஆனா விஷயம் வேற. அந்தக் கடைசிக் குழாய் இருக்கே, அது மனுஷப் பிறவியால ஆகாது. முதுகெலும்பு இடம் கொடுக்காது."

"அப்படியா மச்சான்?"

"அதுக்குக் கொரங்கு வேணும். அதுவும் எளங்கொரங்கா இருக்கணும்."

அன்று காலை மேஸ்திரி அந்தக் குழாயை இரண்டு தடவை தாண்டியிருந்தார். முதல் தடவை அவர் தாண்டும்போது காப்பீட்டு அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார். ஆனால் எட்டாம் படிவத்தில் வீட்டார் என்றால் மச்சானும் அடக்கம்தானே? மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு, குரங்கைப் பற்றி மச்சான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வலிக்கத்தான் செய்தது. கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போயிற்று.

எண்ணெய்க் குழாயில் எண்ணெய் ஏறாத இடம் கிளாம்பின் தலைகள் மட்டுமே. சுண்டு விரலையும் மோதிர விரலையும் அதில் கொக்கி போல மாட்டி, மொத்த உடம்பையும் தொங்கவிட்டு, மறு கைக்கு மாறிப் போக வேண்டும். அப்படி ஒன்பது கிளாம்புகள். முதலில் இடது சுண்டு விரல் மரத்துப்போயிற்று. பிறகு அதன் பக்கத்து விரல். பிறகு வலது கையில் அதே இரண்டு.

ஒரு நாள் மனைவி அவர் சட்டையைப் பார்த்தாள். "என்னங்க, பொத்தான மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க?"

"பாக்காம போட்டுட்டேன்."

"இத்தனை வருஷமா பாத்தா போட்டீங்க?" என்றவள், அவர் இரண்டு கைகளையும் இழுத்து இயந்திரத்தின் மேல் வைத்து ஊசியை எடுத்தாள். "கண்ண மூடுங்க. குத்தறேன், தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"லேசா."

"இது?"

"ஆ!"

பத்து விரலையும் குத்திப் பார்த்துவிட்டு, "நாலு விரல் செத்துக் கெடக்கு. நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டு எந்திரிச்சுப் போறீங்க" என்றாள்.  அன்று மேஸ்திரி எட்டாம் படிவத்தை மீறினார். மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் கிடங்கிலிருந்த மருத்துவ அறைக்குப் போனார். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் அவர் கையைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு அறையில் கேமரா ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். "ஐயா, நான் நடிகன். தொடர்ல டாக்டரா நடிச்சவன்னு இங்க கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க. நீங்க தயவுபண்ணி நிஜ டாக்டரைப் பாருங்க." அந்த இடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

நிஜ டாக்டர் பெருமூச்சு விடவில்லை. "நரம்பு நசுங்குது. தொங்கறத இன்னிக்கே விட்டீங்கன்னா மூணு மாசத்துல உணர்ச்சி திரும்பும். விடலேன்னா திரும்பாது. அப்புறம் சாரம் ஏறறதை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

மேஸ்திரி அலுவலகத்தில் போய்க் கேட்டார். வேறு ஆளைப் போடுங்கள் என்றார். காப்பீட்டு அதிகாரி அனுதாபத்தோடு விளக்கினார். "தாராளமா போடலாம் மேஸ்திரி. புது ஆள் காப்பீட்டுல இருக்கணும். காப்பீட்டுல சேரணும்னா அவர் ஏற்கெனவே தாண்டினவரா இருக்கணும். தாண்டணும்னா காப்பீடு இருக்கணும். இந்த மூணும் பொருந்தற ஆள் இப்போதைக்கு நீங்க ஒருத்தர்தான்."

மேஸ்திரியின் ஆட்களில் மூத்தவரான வெல்டர், "நான் போறேன் மேஸ்திரி. கையெழுத்த நீங்க போடுங்க" என்றார்.

"எண்ணெய்க் குழாய்ல என் ஆள ஏத்தமாட்டேன்" என்றார் மேஸ்திரி. பேச்சு அதோடு முடிந்தது. தான் ஏறுவதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடமும் மரத்திருந்ததோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி போட்டிக்கு வந்தாள். கைகள் ஸ்டீயரிங் பிடித்து உரமேறியவை. ஓடாமல், தாவாமல், எண்ணெய் இல்லாத இடம் எது என்று பார்த்துப் பார்த்துப் போனாள். எட்டாவது கிளாம்பு வரை வந்துவிட்டாள். மேஸ்திரி தொட்டியோரம் நின்று, "இன்னும் ஒண்ணுதாம்மா, இன்னும் ஒண்ணுதான்" என்று முணுமுணுத்தார். தலைவருக்கு வியர்த்துவிட்டது. அது நேரலை.

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "சகோதரி, அங்கயே அப்படியே இருங்க! ஒரு சின்ன விளம்பர இடைவேளை!" என்றார்.

விதிகளின்படி இடைவேளையில் நகர்ந்தால் ஆட்டம் செல்லாது. அவள் தொங்கினாள். திரையில் எண்ணெய் விளம்பரம் ஓடிற்று, பிறகு மெத்தை விளம்பரம், பிறகு மறுபடியும் எண்ணெய். நாலரை நிமிடம். நிகழ்ச்சி திரும்பியபோது அவள் தண்ணீரில் இருந்தாள். காலையில் எடுத்து வைத்த பெரிய ஐயோவை ஓட்டினார்கள். துண்டு வாங்கிக்கொண்டதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட அவளால் விரலை மடக்க முடியவில்லை. மேஸ்திரி பேனாவை அவள் விரல்களுக்கு நடுவே செருகிக் கொடுத்தார். அவருக்கும் அது சரியாக வரவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு கோடு போட்டார்கள்.

எதற்கும் ஓர் அளவு உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் விழுவதில் என்ன சுவை? பார்க்கிறவர்களுக்கும் மரத்துப்போயிற்று. முதலில் முகத்துக்கு அருகே கேமரா வைத்தார்கள். பிறகு விழுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு இரண்டிரண்டு பேராக விழவிட்டார்கள். வீடுகளில் ஜனங்கள் திரையைப் பார்க்காமல் கீரை ஆய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு செய்தித்தாள் கேட்டது: 'கடைசிக் குழாயை இதுவரை ஒருவராவது தாண்டியதுண்டா?' அதைப் படித்துவிட்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒருவரும் தாண்ட முடியாதது போட்டி ஆகாது, மோசடி என்று அதில் இருந்தது.

தலைவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு முதல் தடவையாக உட்காரச் சொன்னார். "இத்தனை நாள் நீங்க எங்க ரகசியமா இருந்தீங்க. இனிமே எங்க பெருமை. ஞாயித்துக்கிழமை மத்தியானம், நேரலை. ஊரே பாக்கப்போவுது."

"விரல்ல உணர்ச்சி இல்லீங்க. தொங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பிரமாதம்! அத நேரலைல சொல்லுங்க. இல்ல, வேணாம், தாண்டின பிறகு சொல்லுங்க. முன்னாடியே சொன்னா எங்க மேல தப்பு வரும்."

காப்பீட்டு அதிகாரி மேஸ்திரியின் தோளில் கை வைத்தார். "கட்டாயம் ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நூத்தி நாப்பத்திரண்டு நாள் தாண்டினதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப தாண்டலேன்னா அது எல்லாம் பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும். விழுந்து அடிபட்ட அத்தனை பேருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். அவ்வளவுதான். மத்தபடி உங்க இஷ்டம்."

வீட்டில் மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போகாட்டி என்ன ஆகும்?"

மேஸ்திரி நூற்று நாற்பத்திரண்டைப் பற்றிச் சொன்னார்.

"வக்கீலப் பாப்போம். இருக்கிற பேருக்கெல்லாம் பதில் சொல்லுவோம். கை போனா யாருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "ஒரே ஒரு தடவ... பாக்கட்டுமேன்னு இருக்கு."

"யாரு? எங்கண்ணனா?"

 முப்பது வருடமாக ஒருவரும் அண்ணாந்து பார்க்காத மனிதருக்குள் அப்படி ஓர் ஆசை இருந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.  மனைவி திரும்பி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். உறவினருக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று நிலையத்திலிருந்து அவளுக்கு வந்த அழைப்பை, துணி வெட்டும் அளவுத் தாளாகப் பயன்படுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் விரலிலும் நட்டு வைத்துப் பார்த்தார். கடைசியில் நின்ற வெல்டர், "நீங்க நீட்டலியா மேஸ்திரி?" என்றார். மேலே போகிறவர் யாராக இருந்தாலும் நீட்ட வேண்டும், மேஸ்திரி உட்பட. அவர் தம் வாயால் சொன்ன சட்டம் அது.

"நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

வெள்ளி நிறச் சட்டை போட்டுவிட்டார்கள். மேளம் முழங்கிற்று. 'இரகசிய வீரர்' என்று அறிவிப்பாளர் அலறினார். மேஸ்திரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். ஊஞ்சல் கட்டைகளைத் தாண்டினார், சுவரைத் தாண்டினார். எண்ணெய்க் குழாயில்தான் அது புரிந்தது: விரல் கிளாம்பைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து, விரலைக் கண்ணால் பார்த்து, மாட்டியிருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் உடம்பைத் தொங்கவிட வேண்டியிருந்தது. யாருடைய கையையோ கடன் வாங்கி வந்தது போல இருந்தது. பயமாகக்கூட இல்லை. பார்வையாளர்கள் எல்லோரும் கையை வாய்க்கு அருகே கொண்டுபோய்த் தயாராக வைத்திருந்தார்கள்.

பதினோரு நிமிடம் ஆயிற்று. ஒன்பதாவது கிளாம்பையும் கடந்து மேடையில் ஏறி, மணிக்கயிற்றை இழுத்தார். சத்தம் வரவில்லை. யாரும் அடிக்கப்போவதில்லை என்று மணியின் நாக்கைக் கழற்றி, வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். வெற்றிக்கென்று இசை எதுவும் கைவசம் இல்லாததால் ஒலிக்காரர் எண்ணெய் விளம்பரப் பாட்டைப் போட்டார். அறிவிப்பாளர் வாயைத் திறந்தார், மாதக்கணக்காகச் சொல்லிப் பழகாத சொல் வரவில்லை. பார்வையாளர்களுக்கோ ஐயோ தவிர வேறெதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சிறிது நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஒரு சின்ன ஐயோ சொன்னார்கள்.

மேஸ்திரி பின்பக்கக் கம்பத்தைப் பிடித்து இறங்கி, சுற்றி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் வாசலுக்கே வந்து வரவேற்றார். "மாப்பிள்ளை! அசந்துட்டேன்! உங்க மூஞ்சிய எப்படி அங்க ஒட்டினாங்க?"

"அது நான்தான் மச்சான்."

"எனக்கா தெரியாது? எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது. ஆனா ஒண்ணு, ஓடவிட்டிருக்கலாம். கெழவன் தண்ணிக் கொடம் தூக்கிட்டுப் போற மாதிரியா காட்டுவாங்க?"

உள்ளே தையல் இயந்திரம் நின்றது. "அண்ணே, நீ வீட்டுக்குப் போ" என்றாள் மனைவி. அவள் அண்ணனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஊரும் மச்சானைப் போலத்தான். பாதிப் பேர் பொய் என்றார்கள். மீதிப் பேர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஐம்பது வயது ஆள் போய்வரக்கூடியது என்றால் இதைப் போயா பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். மேலிடத்திலிருந்து அது போட்டிதான் என்று ஒப்புக்கொண்டு கடிதம் வந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. மூன்றாவது வாரம் நிகழ்ச்சியை மூடினார்கள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். தலைவர் கடைசிக் கூட்டத்தில் பேசினார். "'விழாதவன்' விழல. ஜனங்களோட ரசனைதான் விழுந்துபோச்சு. அடுத்தது சமையல் போட்டி. அதுல ஒருத்தரும் சமைச்சு முடிக்கமாட்டாங்க." எல்லோரும் கைதட்டினார்கள். மேஸ்திரியும் தட்டினார். தட்டுவது காதில் கேட்டது.

மறுநாள் காலை தடைகளைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். காப்பீட்டு அதிகாரி பத்தொன்பதாம் படிவத்தோடு நின்றார். பிரித்து முடித்ததும் மேஸ்திரி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கிடங்கில் விளக்குகள் இல்லை, மேளம் இல்லை. தொட்டியில் தண்ணீர் வடிந்து, அடியில் ஒரு துண்டு கிடந்தது. ஆட்கள் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் விரலிலும் வைத்துப் பார்த்து மேலே அனுப்பினார். கடைசியாக வெல்டர் மட்டும் நின்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேஸ்திரி தாமாகவே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். மேலே ஆட்கள் ஸ்பேனரால் தட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழாய் உருண்டு நின்றது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ம், வை" என்றார்.



"வெச்சு ரொம்ப நேரமாச்சு மேஸ்திரி" என்றார் வெல்டர்.

மேஸ்திரி கண்ணைத் திறக்கவில்லை. எண்ண வேண்டிய கிளாம்பு மூட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.